ஜன்னல் புதுசு, சத்தம் பழசு

முதலில் டீயைக் குடியுங்கள், தம்பி. பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு யூபிவிசி ஸ்லைடிங் மாட்டியும் ராத்திரி லாரிச் சத்தம் தலைமாட்டில்தான் கேட்கிறது என்கிறீர்கள். பள்ளிகொண்டாவில் தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி வீடு கட்டினால், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ஓடுகிற சரக்கு வண்டியெல்லாம் உங்கள் படுக்கையறையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். டோல்கேட்டிலிருந்து முக்கி முனகிக் கிளம்பும் லாரி ஒரு பக்கம், விடியுமுன்னே ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் இன்னொரு பக்கம்.

கடைக்காரர் இப்போது இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

காற்று நுழையும் இடமெல்லாம் சத்தத்துக்கும் வாசல். இரு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் தடுக்கும். 4 மில்லிமீட்டர் கண்ணாடியை இறுக்கமாகப் பொருத்தினால் 30 வரை தடுக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். இப்போது ஒரு கணக்கு. உங்கள் ஜன்னல் நாலுக்கு நாலு. சுற்றளவு 16 அடி. அந்தச் சுற்று முழுக்க 3 மில்லிமீட்டர் சந்து விட்டிருந்தால், மொத்த ஓட்டை ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு பங்குதானே என்று விட முடியாது. அவ்வளவு ஓட்டை இருந்தால், எத்தனை தடித்த கண்ணாடி போட்டாலும் மொத்த ஜன்னலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அடி ஓட்டையான குடத்துக்கு வெள்ளியில் மூடி செய்த கதைதான்.

சந்து எங்கே என்று பார்ப்போம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பொருத்துகிறவர்கள் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள், விடத்தான் வேண்டும். அதை உள்ளே வரை அடைக்காமல் மேலாக ஒரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டுப் போயிருந்தால், வெளியே பார்க்க நேர்த்தி, உள்ளே வெறும் பொந்து. ஓரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். டொக்கென்று வெற்றொலி வரும் இடத்தைக் கீறி, ஆழம் வரை அடைத்து, இரு பக்கமும் சிலிக்கான் பூச வேண்டும். காற்றடிக்கும் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுவத்தியை ஓரமாகக் கொண்டுபோனால், புகை வளைகிற இடம் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஏசி பைப்புக்குப் போட்ட துளையையும் மேலே இருக்கும் வென்டிலேட்டரையும் மறந்துவிடாதீர்கள்.

ஸ்லைடிங்கில்தான் சிக்கல். கதவு ஓட வேண்டுமென்றால் அது எதையும் அழுத்திப் பிடிக்க முடியாது. அதனால் ஓரத்தில் ரப்பருக்குப் பதில் பிரஷ் மாதிரி மயிர்ப்பட்டை வைக்கிறார்கள். அது தூசியைத் தடுக்கும்; சத்தத்துக்கு அது பெரிய தடையில்லை. தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஓரளவு குறையும். கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் வடிய விட்ட துளைகளை மட்டும் ஆத்திரத்தில் அடைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும். நெடுஞ்சாலைப் பக்கத்து ஜன்னலை நான் போடுவதாக இருந்தால், கதவு போலத் திறந்து, கொக்கி போட்டால் ரப்பரில் போய் அழுந்தும் வகையைத்தான் போடுவேன். அது அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துச் சாத்துங்கள். இழுத்தால் சுலபமாக வரக் கூடாது.

அப்புறம்தான் கண்ணாடி. இரண்டு 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி, ஒற்றைக் கண்ணாடியைவிட ஒன்றிரண்டு டெசிபல்தான் கூடுதலாகத் தடுக்கும். அது வெப்பத்துக்காக வந்த ஏற்பாடு. நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக மாறி, லாரி எஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்கு இரண்டு கண்ணாடியையும் சேர்த்தே ஆட்டிவிடும். அதற்குப் பதில் கார் முன்கண்ணாடி போல நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். ஹாரனின் கூர்மையை அது நன்றாகவே மழுக்கும்.

உறுமலுக்கு ஒரே மருந்து, இரண்டாவது ஜன்னல். இருக்கிறதைக் கழற்ற வேண்டாம். உங்கள் சுவர் 9 அங்குலம். வெளி விளிம்பில் ஒன்று இருக்கிறது, உள் விளிம்பில் இன்னொன்று வைக்கலாம். நடுவே 4 அங்குலமாவது இருக்க வேண்டும், இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனாக இருக்கக் கூடாது. கம்பி நடுவில் நின்றால் பாதகமில்லை. திரைச்சீலையை நம்பாதீர்கள்; அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே.

குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பல சுரத்தில் அலறும் ஹாரன் வண்டியில் இருக்கவே கூடாது என்று மோட்டார் வாகன விதியும் சொல்கிறது. லாரிக்காரருக்கு அதை யார் படித்துக் காட்டுவது?

இத்தனை இறுக்கினால் காற்றும் வராது, வேலூர் வெயிலுக்கு அது தாங்காது. அதனால் வீடு முழுக்கச் செய்யாதீர்கள். படுக்கும் அறையில், ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் அடையுங்கள். காற்றுக்குப் பின்பக்கத்து ஜன்னல் இருக்கட்டும். பின்னால் அறை ஒன்று காலியாக இருந்தால், எதையும் வாங்குமுன் கட்டிலை அங்கே நகர்த்தி ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள்.