சூடு பிறக்கும் இடம்

இண்டக்சன் அடுப்பின் மேல் பாத்திரம் இல்லையென்றால் அது பீப் பீப் என்று சத்தம் போடுமே தவிர, சூடேறாது. அதற்குள் தீயும் இல்லை, பழுத்துச் சிவக்கும் கம்பியும் இல்லை. சூடு பிறப்பது பாத்திரத்திலேயேதான்.

கண்ணாடிக்கு அடியில் தட்டையான செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. கூடவே அதன் காந்தப்புலமும் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்து உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை 1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். நம் அடுப்பில் நடப்பதும் அதுவே. காந்தப்புலம் கண்ணாடியை ஊடுருவிப் போய், பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இரும்பில் அந்த மின்னோட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மேல்படலத்துக்குள் நெருக்கியடித்து ஓடுகிறது. நெருக்கத்தில் தடை கூடும். தடையில்தான் சூடு பிறக்கும். அலுமினியத்திலோ மின்னோட்டம் இன்னும் ஆழமாகப் பரவி, பெரிய தடையில்லாமல் ஓடிவிடுகிறது. அலுமினிய இட்லிப் பானையை இந்த அடுப்பு ஏற்காதது அதனால்தான். எவர்சில்வரிலும் எல்லாம் ஒத்துவராது. கடையிலேயே அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாத்திரத்தில் பிறந்த சூடு கண்ணாடிக்கும் இறங்கும். பால் பொங்கியதும் பாத்திரத்தை இறக்கிவிடுகிறோம். கண்ணாடியோ சூடு தெரியாத கறுப்பு முகத்தோடு கிடக்கும். குழந்தை கை வைப்பது அப்போதுதான். எண்ணெய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெப்பத்தை அளக்கும் உணரி கண்ணாடிக்கு அடியில் இருப்பதால், மெல்லிய வாணலியின் சூடு அதை எட்டக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் எண்ணெய் புகையத் தொடங்கிவிடலாம். தீப்பிடித்தால் சுவிட்சை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது: அது எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசியடிக்கும்.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது அடுப்பை அல்ல, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டை. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் 6 ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட் இருந்தாலும், உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்து பிளக் ஆடினால் ஆபத்துதான். பிடிமானம் குறைந்த அந்த ஒரு புள்ளியில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 38 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட்டே போதும். அதைவிடக் கூடுதலான சூட்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவைத்து, மேலே சாம்பார் கொதிக்க விடுகிறோம்.

மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்ச் கீழே விழுந்து காப்பாற்றிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பில் ஓடுவது ஏறக்குறைய அதே 8.7 ஆம்பியர்தான். எம்சிபிக்கு அங்கே எந்தத் தப்பும் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியது நம் கண்ணும் மூக்கும்தான்: பிளக் துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை, சுவிட்ச்போர்டில் இளஞ்சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை. இதில் ஒன்று தெரிந்தாலும் அடுப்பை நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கன்வர்ட்டர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். அவை ஒவ்வொன்றும் தளர்வதற்கு இன்னோர் இடம். மெயின் போர்டிலிருந்து அடுப்புக்கென்று தனி லைன் இழுத்து, புதிய 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். எர்த் கம்பி உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்பதையும் அன்றே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.