எந்த டிராக்டர் பழம்பெருமை உடையது?

பழைய டிராக்டர்கள் எல்லாமே பழம்பெருமை உடையவை ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது.

ஜெர்மனியில் விடை சட்டத்திலேயே உள்ளது. முதன்முதலில் பதிவு செய்யப்பட்டு 30 ஆண்டுகள் கடந்த வாகனத்துக்கு, ‘எச்’ என்ற எழுத்தில் முடியும் சிறப்பு எண் பலகை கிடைக்கலாம். வயது மட்டும் போதாது. வாகனம் பெரும்பாலும் அசல் நிலையில், நன்கு பராமரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கொட்டகையில் சும்மா நின்ற டிராக்டர் எளிதில் தேறிவிடும். வயலில் ஓயாமல் உழைத்து, கிடைத்த பாகங்களைப் பொருத்தி ஓட்டப்பட்ட டிராக்டரோ தேறாமல் போகலாம்.

சட்டம் எப்படியிருந்தாலும், அந்நாட்டு மக்கள் மறவாத டிராக்டர் ஒன்று உண்டு. அது 1921இல் மன்ஹைம் நகரில் உருவான லான்ஸ் புல்டாக். பவேரியா மாநிலத்தில் எந்த நிறுவனத்தின் டிராக்டரையும் ‘புல்டாக்’ என்றே பலர் அழைக்கின்றனர்.

பிரிட்டனில் வரலாற்று வாகனம் எனப் பெயர்பெற 40 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆனால், அங்கே ‘சின்னச் சாம்பல் ஃபெர்கி’ எனச் செல்லமாக அழைக்கப்படும் டிராக்டரின் புகழுக்குக் காரணம் வயதன்று. முன்பெல்லாம் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்வர். அது பாறையில் சிக்கினால், டிராக்டரின் முன்பகுதி மேலெழும்பி ஓட்டுநர்மீதே கவிழ்ந்துவிடும். பல உயிர்கள் இவ்வாறு பறிபோயின. அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன், கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டருடன் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதை ஏற்றி இறக்க வழி கண்டார். இன்றைய டிராக்டர்களிலும் இந்த மூன்று இணைப்புகளைக் காணலாம். 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஃபெர்கிகள் தயாராயின. எட்மண்ட் ஹில்லரியின் குழு 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்!

அமெரிக்காவில் பலருக்கு ஓசையே அளவுகோல். ஜான் டீர் நிறுவனம் 1960 வரை தயாரித்த இரண்டு உருளை டிராக்டர்கள், விட்டுவிட்டு வெடிப்பதுபோல் ஒலி எழுப்பும். அந்த ஒலியைக் கேட்பதற்கென்றே ரசிகர்கள் கண்காட்சிகளில் கூடுகின்றனர்.

ஃபெர்குசனின் நிறுவனம் பின்னர் மாஸி ஃபெர்குசன் ஆனது. சென்னையில் இயங்கும் டாஃபே நிறுவனம் அப்பெயரில் டிராக்டர்களைத் தயாரித்து வருகிறது. இந்தியக் கிராமங்களில் முப்பது, நாற்பது வயதான டிராக்டர்கள் இன்றும் உழுகின்றன. அவற்றை யாரும் கண்காட்சிக்கு அனுப்புவதில்லை. மழைக்கு முன் உழவு முடிய வேண்டுமே!