சாயம் ஏற்றிய சான்றிதழ்

"ஸ்தோத்திரம் சாமி, ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும்."

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான ஒரு மே மாத மாலையில், மகளோடு பங்கு இல்லம் வந்த தந்தை ஒருவர் இவ்வாறு வேண்டினார். மகள் ஈராண்டுகள் பங்கின் இளையோர் இயக்கத்தை முன்நின்று நடத்தினாள் எனக் கல்லூரி விண்ணப்பத்திற்காக நாம் எழுதித்தர வேண்டுமாம். அவள் ஒரு கூட்டத்திற்கும் வந்ததில்லை என்பதை நாம் அறிவோம், அவரும் அறிவார். மகள் தலைகுனிந்து நின்றாள்.

முன்னொரு காலத்தில் இத்தகைய தாள்களில் நாமும் கையெழுத்திட்டதுண்டு. அதை இரக்கம் என்று எண்ணினோம். அது இரக்கமன்று.

1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில், கல்லூரி மாணவர் சான்றிதழ் பெற ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும்; ஏழு நாள் முகாமிலும் பங்குபெற வேண்டும். தமிழகப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பின்னே பல்லாண்டுப் பயிற்சி உண்டு. உழைக்காதவர் பொய்த்தாள் காட்டி நுழைந்தால், உழைத்த வேறொரு வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கும். ஆகவே பொய்ச்சான்று எட்டாம் கட்டளையை மட்டுமன்று, களவை விலக்கும் ஏழாம் கட்டளையையும் மீறுவதாகும்.

2019 மார்ச்சில் அமெரிக்காவில் பெருஞ்செல்வர் சிலர், விளையாடாத தம் பிள்ளைகளை விளையாட்டு வீரராகக் காட்டிப் பல்கலைக்கழகங்களில் சேர்த்தது அம்பலமாயிற்று. பெற்றோர் பலர் சிறை சென்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவருக்காக நீட் தேர்வை வேறொருவர் எழுதினார் என்னும் புகாரில், அம்மாணவரும் மருத்துவரான அவர் தந்தையும் கைதாயினர். இரு செய்திகளிலும் பிள்ளையின் பக்கத்தில் பெற்றோர் நிற்பதைக் கவனியுங்கள்.

அன்று மாலை அம்மகளிடம், "விடுமுறையில் என்ன செய்வாய், அம்மா?" என்று கேட்டோம்.

"அம்மாவோடு ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவேன், சாமி. மற்ற நாளில் தம்பிகளைப் படிக்க வைப்பேன்."

"இதையெல்லாம் எழுதினால் யார் மதிப்பார்கள், சாமி?" என்றார் தந்தை.

ஆயினும் அதையே எழுதினோம். விடியுமுன் எழுந்து போடிமெட்டு ஏறியதையும், இரவில் தம்பியர்க்குப் பாடம் சொன்னதையும் எழுதி, முழுமனதோடு கையெழுத்திட்டோம். அவள் விரும்பிய கல்லூரியில் இடம் கிட்டவில்லை. வேறொன்றில் சேர்ந்து படிக்கிறாள். நம்மைக் காணும்போது இப்போது தலைகுனிவதில்லை.

பெற்றோரே, ஏலக்காயை அறிந்தவர்கள் நீங்கள். சாயம் ஏற்றிய காய் கண்ணுக்குப் பசுமையாய்த் தோன்றும். தண்ணீரில் இட்டால் வெளுத்துவிடும். பிள்ளையின் பெயருக்குச் சாயம் ஏற்றாதீர்கள். சான்றிதழ் வேண்டுமாயின் எட்டாம் வகுப்பிலேயே அவர்களை ஆடுகளத்திற்கும் தொண்டிற்கும் அனுப்புங்கள். வறுமையால் இயலவில்லையெனில், அவர்கள் வீட்டிற்காகச் செய்யும் உழைப்பை வெட்கமின்றி எழுதுங்கள்.

உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல நம் ஆண்டவர் மலைமீது கற்பித்தார். விண்ணப்பப் படிவத்திற்கு அதில் விலக்கு இல்லை.