மூச்சிரைப்பு நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்



மார்கழிப் பனி. விடியற்காலை 3 மணி. மனைவி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிறார். நெஞ்சில் விசில் போல் சத்தம். என்ன செய்வதென்று தெரியாமல் கணவர் வெந்நீர் வைக்கிறார். விடிந்ததும் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். நாலு நாளில் சரியாகிவிடுகிறது. "இப்பதான் நல்லா இருக்கே, மருந்து எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? அப்படியானால் இதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கியிருக்கும். தூசி, புகை, சளி, பனிக்காற்று பட்டால் குழாய் சுருங்கிவிடும். இரைப்பு நின்ற பிறகும் உள்ளே வீக்கம் நீறு பூத்த நெருப்பாக இருக்கும்.

பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே சமைத்த பெண்களுக்கும் பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் வருவது இன்னொரு நோய். அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இதில் கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் மருந்தால் மூச்சு சுலபமாகும். புகையை விட்டால் நோய் வேகமாக முற்றாது.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

நிவாரண மருந்து (சால்புட்டமால்): சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். ஆனால் வீக்கத்தைக் குறைக்காது.

தடுப்பு மருந்து (பியூடசோனைடு போன்றவை): ஆஸ்துமா வீக்கத்தைக் குறைக்கும். உடனே சுகம் தெரியாது. பல நாட்கள் விடாமல் இழுத்தால்தான் பலன். சிலருக்கு இரண்டும் ஒரே கருவியில் இருக்கும். எது எந்த மருந்து என்று மருந்தாளுநரிடம் கேட்டு, பெட்டியின் மேல் எழுதி வாங்குங்கள்.

நிவாரண மருந்து அடிக்கடி தேவைப்படுகிறதா? நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"பம்ப் பிடிச்சா பழகிடும்" என்கிறார்களே?

தவறு. ஒரு முறை அழுத்தினால் வரும் சால்புட்டமால் 100 மைக்ரோகிராம்தான். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல் 40 மடங்கு இருக்கிறது. பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதும்.

சரியாக இழுப்பது எப்படி?

1. பம்பை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள்.
2. வாயில் இறுக்கமாக வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள்.
3. மனதுக்குள் 10 எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள்.
4. தடுப்பு மருந்து இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியலாம்.

பொடி மருந்துக் குப்பி கொடுத்திருந்தால் அதை விழுங்கக் கூடாது. கருவியில் போட்டு, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். சரியாகச் செய்கிறீர்களா என்று செவிலியர் முன் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களே!

"வயித்துல பிள்ளை இருக்கு, பம்ப் ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அதைக் கேட்டு நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் பிராணவாயு குறையும். குழந்தைக்கு ஆபத்து அடங்காத ஆஸ்துமாதான். கர்ப்பம் என்று தெரிந்ததுமே மருத்துவரிடம் சொல்லி மருந்தைத் தொடருங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் இழுக்கலாம்.

கணவன்மார்களே!

வீட்டுக்குள் நீங்கள் விடும் பீடிப் புகை மனைவி, பிள்ளைகள் மூச்சிலும் போகிறது. பீடியை விடுங்கள். அடுப்புப் புகை வெளியேற வழி செய்யுங்கள். மருந்து தீரும் முன்பே வாங்கி வாருங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், நிவாரண மருந்துக்கும் அடங்காமை: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, நிவாரண மருந்தை ஒவ்வொன்றாக 4 முறை இழுக்கச் செய்யுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.

இன்று இரவு படுக்கும் முன் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: "மருந்து இழுத்தாச்சா?"