தாத்தா கைலாசம், பேரன் கைலாசம்... நன்னிலத்திலிருந்து சின்னத்திரைக்கு வந்த குடும்பம்!

2014 ஆகஸ்ட் 15. ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நாளில், இயக்குநர் கே.பாலசந்தர் வீட்டில் பேரிடி. மூத்த மகன் பால கைலாசம் காலமானார். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அதன்பிறகு அதிக நாள் இருக்கவில்லை. சரியாக நாலு மாதம், எட்டு நாள். டிசம்பர் 23-ல் அவரும் கண்மூடினார்.

'இயக்குநர் சிகரம்' மறைந்தபோது ரஜினி, கமலில் தொடங்கி அவர் வளர்த்துவிட்ட நட்சத்திரங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதில் தப்பில்லை. ஆனால், நம் வீட்டு ஹாலுக்குள் வந்து உட்கார்ந்த டிவி நாடகத்துக்கு இந்த அப்பாவும் பிள்ளையும் செய்தது கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

கதை தொடங்குவது நன்னிலத்தில். மயிலாடுதுறை - திருவாரூர் ரயில் பாதையில், வயலுக்கு நடுவே இருக்கும் ஊர். அதையொட்டிய நல்லமாங்குடியில் 1930 ஜூலை 9-ம் தேதி பிறந்தார் பாலசந்தர். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா, இன்று திருவாரூர் மாவட்டம். அப்பா பெயர் கைலாசம். எட்டு வயதிலேயே தியாகராஜ பாகவதர் படங்களைப் பார்க்க ஆரம்பித்த பையனுக்கு, பன்னிரண்டு வயதில் நாடகப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தது விலங்கியல். படித்து முடித்ததும் முத்துப்பேட்டையில் வாத்தியார் வேலை. டெல்டாவில் அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளையிடம் எதிர்பார்த்தது அதைத்தான்: மாதச் சம்பளம், மரியாதையான உத்தியோகம். 1950-ல் சென்னைக்கு வந்தும் அந்த வழியை அவர் விட்டுவிடவில்லை. ஏ.ஜி.ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பகலில் கணக்கு, சாயங்காலம் ஒத்திகை. 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை ஆபீஸ்காரர்களுக்காக முதலில் இங்கிலீஷில் போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு எம்.ஜி.ஆர் கூப்பிட்டு 1964-ல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுத வைத்தது, மறுவருடமே 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநரானது எல்லாம் சினிமா ரசிகர்களுக்கு மனப்பாடம்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அவர் படங்களில் வில்லன் வெளியிலிருந்து வருவதே அபூர்வம். சிக்கல் எப்போதும் வீட்டுக்குள்தான். சம்பாதிக்கும் பெண், பொறுப்பில்லாத அண்ணன், வாயைத் திறக்காத அம்மா. 1974-ல் வந்த படத்துக்கு 'அவள் ஒரு தொடர்கதை' என்று பெயர் வைத்தார். வாரப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு 'தொடரும்' என்ற வார்த்தை கொடுக்கும் தவிப்பு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. குடும்ப பாரத்தைத் தூக்கிச் சுமக்கும் அந்தக் கவிதாவை, பேரை மாற்றி மாற்றி இன்றுவரை சீரியல்களில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

அப்படிப்பட்டவர் டிவி பக்கம் வந்தது 1990-ல், அறுபது வயதில், 'ரயில் சிநேகம்' மூலம். தனியார் சேனல் எதுவும் கிடையாது. தூர்தர்ஷன் ஒன்றுதான். டெல்டாவின் கடலோர ஊர்களில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த காலம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. தொடர் என்றால் வாரம் ஒருமுறை, பொதுவாக 13 வாரம், அவ்வளவுதான். 'தண்ணீர் தண்ணீர்', 'சிந்து பைரவி' எடுத்துவிட்டு, பத்மஸ்ரீயும் வாங்கியவர் இந்தச் சின்னப் பெட்டிக்கு வந்தது அன்று சாதாரண விஷயமில்லை. சினிமாவில் வாய்ப்பு குறைந்தவர்கள் போகும் இடம் என்று டிவியைப் பார்த்தவர்கள் நிறைய பேர். பாலசந்தர் அப்படிப் பார்க்கவில்லை. நாடக மேடையிலிருந்து வந்தவருக்கு நாலு சுவரும், நாலு மனுஷர்களும், நல்ல வசனமும் போதும். டிவி கேட்டதும் அதையேதான்.

பிறகு 'கையளவு மனசு' வந்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு தாய், தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு தேடும் கதை. கீதா நடித்த அந்தத் தொடரைப் பார்த்து அழாத வீடு அன்று குறைவு. ரேணுகாவுக்கு 'பிரேமி', மாளவிகாவுக்கு 'அண்ணி' என்று அவரிடம் பெயர் வாங்கிய நடிகைகளின் வரிசை நீளம். 2003-ல் ஜெயா டிவியில் 'சஹானா'. 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சி. சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூருக்குப் பக்கத்து ஊர்க்காரர், ஒரு சீரியலுக்கு ராகத்தின் பெயரை வைத்ததில் ஆச்சர்யமில்லை. எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல முடியாது. தினசரி மெகா சீரியல்கள் கோலோச்சத் தொடங்கிய பிறகு வந்தவற்றில் பழைய கச்சிதம் கொஞ்சம் தளர்ந்துதான் போனது.

இனி பிள்ளை கதை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். நல்லமாங்குடி கைலாசத்தின் பெயர் அப்படித்தான் பேரனுக்கு வந்தது. முன்னால் அப்பாவின் பெயரில் பாதி, பின்னால் தாத்தா பெயர் முழுசாக: பால கைலாசம். பெயரை வாங்கிக்கொண்டவர், அப்பாவின் பாணியை வாங்கிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு வந்து, ஸ்தபதிகளின் சிற்ப மரபு பற்றி 'வாஸ்து மரபு' என்ற ஆவணப்படம் எடுத்தார். பிறகு 'மின்பிம்பங்கள்' நிறுவனம் மூலம் டிவிக்கு வந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, வந்தது 'மர்மதேசம்'.

சித்தர், நவபாஷாண லிங்கம், இருட்டுக் கோயில் என்று 'ரகசியம்' ஒரு பக்கம் பயமுறுத்தியது. குதிரையில் வரும் கருப்பசாமியைக் காட்டிய 'விடாது கருப்பு' இன்னொரு பக்கம். அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அந்த டைட்டில் இசை வந்ததும் போர்வைக்குள் புகுந்ததை இப்போதும் சொல்வார்கள். அப்பா தொடர்களில் சமையலறையில் வெடித்த சண்டை, பிள்ளை தொடர்களில் ஊர் எல்லைக்குப் போய்விட்டது. அதே நிறுவனம் 'ரமணி வெர்சஸ் ரமணி' என்று சிரிக்கவும் வைத்தது. கடைசியில் கதை கொடுக்கும் இடத்திலிருந்து கதையைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கே போனார். 2013-ல் தொடங்கிய 'புதுயுகம்' சேனலை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. அடுத்த வருடமே அவர் இல்லை.

குடும்பத்தின் கவிதாலயா நிறுவனப் பொறுப்பை ஏற்று, படங்களையும் தொடர்களையும் தயாரித்தவர் மகள் புஷ்பா கந்தசாமி. அப்பா கதை சொல்ல, மகன் இன்னொரு கதை தேட, மகள் நிர்வாகம் பார்க்க... ஒரு டெல்டா வீட்டில் நிலம், நெல், வரவுசெலவு என்று பிரித்துப் பார்ப்பதுபோலத்தான்!

பாலசந்தர் நடித்த 'உத்தம வில்லன்' 2015 மே மாதம் வெளியானது. சாகப்போகும் நடிகனாக கமல். அவன் கடைசிப் படத்தை இயக்கிக் கொடுக்கும் குருநாதர் மார்க்கதரிசியாக பாலசந்தர். பிள்ளைபோல வளர்த்தவனைப் பறிகொடுக்கப்போகும் கிழவர் வேடம். தியேட்டருக்கு அந்தப் படம் வந்தபோது அவரும் இல்லை, பால கைலாசமும் இல்லை. 'மர்மதேசம்' இப்போது யூடியூபில் இருக்கிறது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கலாம், தைரியம் இருந்தால்!