சின்ன டிம்மும் தறிக்குழியும்



டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டச் சொல்லி நச்சரிப்பவர்கள் பிள்ளைகள்தான். கேரல் பவனியில் நடுச்சாமம் வரை தூங்காமல் கூட வருபவர்களும் அவர்களே. கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடிக்குள் இருப்பது பக்கத்து வீட்டு அண்ணன் என்று தெரிந்தும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும் குழந்தை எந்தச் சபையிலும் உண்டு. பிள்ளைகள் இல்லாவிட்டால் பண்டிகையின் மாயம் பாதி போய்விடும். (மாயம் என்ற சொல்லைச் சில பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.)

கதைகளிலும் அப்படித்தான். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கேரல்' 1843 டிசம்பர் 19-ல் வெளிவந்தது. கஞ்சன் ஸ்க்ரூஜின் கல்மனதை உருக்குகிறவர்களில் ஒருவன், ஊன்றுகோலோடு நடக்கும் நோயாளிச் சிறுவன் டிம். டிக்கன்ஸ் இவனை வெறும் கற்பனையில் பிடிக்கவில்லை. அந்த ஆண்டுதான் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த குழந்தைகளைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கலங்கினார். துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தவர், கதையே ஆழமாகப் பாயும் என்று மனம் மாறினார். அவருக்கே அந்த அனுபவம் உண்டு. 1824-ல் தகப்பனார் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 12 வயதுப் பையன் டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

தகப்பன் கடன், பிள்ளை வேலை. இதைப் படிக்கும்போது காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் மிகுந்த பிள்ளையார்பாளையம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் நெசவாளரின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆளும் வேண்டும். அந்த ஆள் பல காலம் ஒரு பிள்ளையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறொருவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வீட்டுத் தறிக்கு விலக்கு அளித்திருந்தது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்ற சட்டத் திருத்தம் 2016-ல் வந்தது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற சலுகை அதிலும் இருக்கிறது. தறியில் உட்காரும் பிள்ளைகள் இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

டிம்மின் கதை ஒரு மருத்துவமனைக்கும் உதவியது. லண்டனில் 1852-ல் 10 படுக்கைகளுடன் தொடங்கிய கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை பணமின்றித் தவித்தது. 1858-ல் டிக்கன்ஸ் ஒரு விருந்தில் அதற்காகப் பேசி நிதி திரட்டினார். பிறகு இதே கிறிஸ்துமஸ் கதையைக் கூட்டத்தில் வாசித்து, வந்த பணத்தையும் கொடுத்தார். பக்கத்து வீட்டையும் வாங்கிப் படுக்கைகளைக் கூட்டினார்கள். 1904 டிசம்பர் 27-ல் மேடையேறிய 'பீட்டர் பேன்' நாடகத்தின் உரிமையை ஜே.எம். பேரி 1929-ல் அதே மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்.

டிம் எப்படிப் பிழைத்தான்? ஸ்க்ரூஜ் அனுப்பிய வான்கோழியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வாரம் 15 ஷில்லிங் வாங்கிய அவன் தகப்பனின் சம்பளத்தை அவர் உயர்த்தியது. நெசவாளர் வீடுகளை முன்பணத்தில் தள்ளிய காரணங்களில் வைத்தியச் செலவும் ஒன்று. தகப்பன் டைபாய்டில் படுத்தால் தறி ஓடாது, கூலி வராது. அதன்மேல் மருந்துச் சீட்டு வேறு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதி போய்ச் சேருவது அந்தச் சீட்டுக்குத்தான்.