மடிக்கணினியைத் திறக்கும் முன்

மடிக்கணினி மெதுவாகிவிட்டால் உடனே புதியது வாங்க வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் அதன் சேமிப்பகத்தை மாற்றினாலே போதும். பழைய வன்தட்டில் காந்தத் தட்டுகள் சுழல்கின்றன. தரவைப் படிக்க ஒரு முனை அவற்றின்மேல் நகர வேண்டும். திடநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பாகமே இல்லை. தரவு சில்லுகளில் பதிவாவதால் அது விரைந்து இயங்கும். ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசா போன்ற வளாகங்களின் கணினிக் கடைகளில் இது கிடைக்கும்.

ஆனால், கணினியை நாமே திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா? இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சில நிறுவனங்கள் சேமிப்பகத்தை மாற்ற அனுமதிக்கின்றன. சில, தங்கள் பழுதுபார்ப்பு நிலையத்தில்தான் மாற்ற வேண்டும் என்கின்றன. எனவே, முதலில் உத்தரவாதக் கையேட்டைப் படிக்க வேண்டும். தெளிவில்லை என்றால் நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். சிக்கல் எழுந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முன்வைக்கலாம். எனினும், நம் கவனக்குறைவால் உடைந்த பாகத்திற்கு வழக்கமான உத்தரவாதம் பொதுவாகக் கைகொடுக்காது.

ஆகவே, வேலையைத் தொடங்குமுன் பாடக்குறிப்புகள், படங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினி புதிதாக வாங்கலாம். அழிந்த படங்களை வாங்க முடியாது. பிறகு, கணினிக்குப் பொருந்தும் வகையைக் கண்டறியுங்கள். எடுத்துக்காட்டாக, ‘2280’ என்பது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அட்டையைக் குறிக்கும். சில கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதை மாற்ற இயலாது.

திறக்கும்போது கணினியை முழுமையாக அணைத்து, மின்னேற்றியைக் கழற்றுங்கள். உள்ளே மின்கல இணைப்பையும் துண்டியுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைப் பழுதாக்கும் என்பதால், முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொடுங்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

மாற்றிய பின் பழைய சேமிப்பகத்தை வீசிவிடாதீர்கள். கணினி பழுதானால், அதை மீண்டும் பொருத்திப் பழுதுபார்க்க அனுப்பலாம். புதிய சேமிப்பகத்திற்கும் தனி உத்தரவாதம் உண்டு. அதன் பற்றுச்சீட்டையும் பாதுகாத்து வையுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். கையில் திருப்புளியை எடுக்கும் முன் உத்தரவாதக் கையேட்டை எடுப்பதே அறிவுடைமை.